பிரவுன் அட்டை போட்ட நாவல்கள்

சங்கத்தின் பொங்கல் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன புதிய தமிழ் நாவல்கள் கொடுக்கலாம், நூலகத்தில் அவர்களை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம் என்று நான் எழுத வேண்டுமாம். பல வருடங்கள் நூலகப் பொறுப்பில் இருந்தவன், எம்.ஏ. இலக்கியம் படித்தவன், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்கிறார் கேட்டவர். அவர் புதிதாக வந்த உதவிச் செயலாளர். போன வருடம் நடந்தது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவும் இல்லை போலிருக்கிறது. இரண்டு முறை உட்கார்ந்து நல்லபடியாக ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். பட்டியலுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எங்கள் சங்கக் கட்டடம் காளிகாட் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே கூடம், கல்யாணம், சீமந்தம், கச்சேரி எல்லாவற்றுக்கும் விடுவோம். மாடியில் நூலகம். இந்த ஊரில் மழைக்காலம் வந்தால் சுவரே வியர்க்கும். வெளியே வைத்த புத்தகம் சில நாளில் பூஞ்சை பிடித்து, நனைந்த நாய் மாதிரி நாற ஆரம்பித்துவிடும். அதனால் எங்களுக்கென்று ஒரு முறை உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர் கொண்டுவந்தது. நான் இன்னும் கறாராக்கினேன். புதுப் புத்தகம் வந்தால் முத்திரை குத்தி எண் போட வேண்டும். தடித்த பிரவுன் தாளில் அட்டை போட வேண்டும். தாள் நழுவாமல் இருக்க மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க அதில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து, முன்னும் பின்னும் முதுகிலும் தடவி ஒட்ட வேண்டும். முதுகில் தலைப்பைக் கறுப்பு மையில் எழுதி, இரும்பு பீரோவில் எண் வரிசையில் அடுக்கிப் பூட்ட வேண்டும். படிக்க வருகிறவர் என் மேஜைக்கு எதிரே நின்று தலைப்பைச் சொல்வார். நான் எடுத்துத் தருவேன். பீரோவுக்குள் வேறு யாரும் கைவிட முடியாது.

ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை என்று ஆண்டுக் கூட்டத்தில் தவறாமல் சொல்வேன். தவறாமல் கைதட்டுவார்கள்.

பிள்ளைகள் மட்டும் வரவில்லை. அதற்கு என்னிடம் காரணங்கள் தயாராக இருந்தன. கைபேசி. டியூஷன். வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்றாகப் பிரிந்துபோன நாக்கு. தமிழ் எழுத்தைச் சொல்லித்தராத பெற்றோர். இதையெல்லாம் நான் கூட்டங்களில் பேசிப் பேசி, எனக்கே அது ஒரு கச்சேரி போல ஆகிவிட்டிருந்தது.

போன வருடக் கோடையில் நடந்த செயற்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஒரு விஷயத்தைக் கிளப்பினார். அவர் திருநெல்வேலிக்காரர், லேக் மார்க்கெட்டில் அப்பளமும் காப்பிப்பொடியும் விற்கும் கடை வைத்திருக்கிறார்.

"சார், மாடி ரூம் ஞாயித்துக்கெழம சும்மாதான கெடக்கு. கணக்கு வாத்தியார் ஒருத்தர் கோச்சிங் எடுக்கணும்னு கேக்காரு. வாடகையும் தருவாரு. குடுத்துருவமா?"

நான் எழுந்து என் கச்சேரியை ஆரம்பிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். புதிதாக உறுப்பினரானவர். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்துவிட்டு, கணவருக்கு சால்ட் லேக்கில் வேலை கிடைத்ததால் இங்கே வந்து, வேலை இல்லாமல் இருந்தவர்.

"ஏனுங்க, அந்த ரூம எனக்குக் குடுங்க. ஆறாவது, ஏழாவது, எட்டாவது படிக்கற பசங்களுக்கு."

"பிள்ளைகள வச்சு என்னம்மா பண்ணப் போறீய?"

"கத படிக்கறதுங்க. தமிழ்ல."

யாரோ சிரித்தார்கள். செயலாளர் கையை விரித்தார். "இங்க உள்ளதுகளுக்குத் தமிழ் பேசவே வரமாட்டேங்கு. படிக்கவா போகுது?"

"பேச வராதுன்னு யாருங்க சொன்னது? தம்பியும் அக்காவும் சண்ட போடும்போது நின்னு கேளுங்க. அத்தனையும் தமிழ்."

இந்த முறை சிரிப்பு பெரிதாக இருந்தது. செயலாளர் ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார்: பூஜை விடுமுறை வரை பார்ப்போம். பிள்ளைகள் வந்தால் ஞாயிற்றுக்கிழமை அறை பிள்ளைகளுக்கு. வராவிட்டால் கணக்கு வாத்தியாருக்கு. நான் ஒரு நிபந்தனை சேர்த்தேன். அறையில் இருப்பதற்கெல்லாம் நான் பொறுப்பு. எனவே நானும் அங்கே இருப்பேன்.

முதல் ஞாயிறு அவர் ஒரு சக்கரப் பெட்டியைப் படியில் தடதடவென்று இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே முழுக்கப் புது நாவல்கள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே தமிழில் இப்போது எழுதப்படுகிறவை. அப்படி ஒன்று எழுதப்படுகிறது என்பதே எனக்குத் தெரியாது. முத்திரையை எடுத்தேன்.

"அங்கிள், அது வேண்டாங்க. இதெல்லாம் என்ற சொந்தப் புக்கு."

"அறைக்குள் வந்துவிட்டதே."

"நானும்தான் வந்துருக்கறேன். எனக்கும் குத்துவீங்களா?"

பாயை விரித்தார். புத்தகங்களை முகம் மேலே பார்க்க, அப்பளம் காயப்போடுவதுபோலப் பரப்பினார். உறுப்பினர் வீடுகளிலிருந்து வந்திருந்த பிள்ளைகளிடம் அவர் சொன்ன சட்டங்கள் எனக்குத் தலைகீழாக இருந்தன. அட்டையைப் பார்த்து எடுக்கலாம். இரண்டு பக்கம் படித்துப் பிடிக்காவிட்டால் கீழே போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். பிடித்தால், பக்கத்தில் இருக்கிறவரிடம் அதை விற்க வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் விற்கலாம். கடைசியில் அவர் ஒரு அத்தியாயம் வாசிப்பார், சரியாக ஏதோ நடக்கப்போகும் இடத்தில் நிறுத்திவிட்டு மூடிவிடுவார். "அய்யோ" என்று கத்துவார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

நான் என் மேஜையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், அது நான் மொதல்ல பாத்தேன்!"

"உன் பேரு எழுதியிருக்கா?"

"ச்சீ, இந்த அட்டை பாஜே, மட்டம். யாரு எடுப்பா இத?"

"எடுத்துப் பாரேன். டாய்லெட்ல தண்ணி வரலைன்னு ஸ்கூல் பொண்ணுங்கள்லாம் ஸ்ட்ரைக் பண்ணுவாங்க. ஹெச்.எம். அழுவாரு."

"நெஜமாவா? குடு, குடு."

ஒரு பெண் என் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தத் தாத்தா ஏன் நம்மளையே பாக்கறாரு?"

"புக்கத் தின்னுடுவோம்னு பயம்."

மறு ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு கூடவே அண்டைவீட்டு வங்காளிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இவர்கள் தமிழில் படித்து அவர்களுக்கு வங்காளத்தில் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அது நூலகமா கரியாஹாட் நடைபாதைக் கடையா என்று கேட்டேன். "கூட்டம் வருதோன்னோ? அப்புறம் என்ன?" என்றாள் அவள்.

அந்தக் கூட்டத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா ரயில்வேயில் இருக்கிறார், ஹவுராவில் குடியிருப்பு. ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் ஏறி, எஸ்ப்ளனேடில் மாறி, அப்பாவும் பெண்ணுமாக வருவார்கள். அப்பா கீழே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும், ஆனால் வேகம் இல்லை. விரலை வைத்து, உதட்டை அசைத்து அவள் ஒரு வரி படிப்பதற்குள் மற்றவர்கள் ஒரு பக்கம் முடித்துவிடுவார்கள். அதைப்பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. எடுத்த அன்றிலிருந்து ஒரே நாவல். நீல அட்டை; கூரைமேல் ஒரு வெள்ளாடு, பின்னால் நிலா. வீட்டுக்குத் தருகிறேன் என்று அந்தக் கோவைப் பெண் சொன்னபோதுகூட வேண்டாம் என்றாள். "வீட்ல படிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும் ஆன்ட்டி."

ஆடி மாத மழையில் கோவைப் பெண்ணின் தாயாருக்கு அறுவை சிகிச்சை என்று ஃபோன் வந்தது. சில வாரங்கள் ஊருக்குப் போக வேண்டும். சாவி என்னிடம்தான் இருந்தது. கிளம்புமுன் வீட்டுக்கு வந்தார்.

"அங்கிள், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாங்க. பாய விரிச்சு, புக்கப் பரப்பி, ஃபேனப் போட்டுட்டு உக்காந்துக்குங்க. போதும்."

"சும்மா உட்கார்ந்திருக்கவா?"

"அதுதானுங்க கஷ்டம்."

அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன்.

அந்த வாரம் மழை விடவில்லை. மாடி ஏறிப் பார்த்தபோது புது நாவல்களின் அட்டைகள் ஓரம் சுருண்டு, ஒன்றிரண்டில் வெண்மையாகப் படர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். எல்லாவற்றையும் இரண்டு துணிப்பைகளில் போட்டு ரிக்‌ஷாவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தாளும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்துவிட்டு மனைவியைப் பசை காய்ச்சச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு போடச் சொன்னாளா?"

"விட்டால் வீணாகப் போய்விடும்."

"அவளைக் கேட்டேளா?"

"அவர் ஊரில் இல்லையே."

"ஃபோன்னு ஒண்ணு இருக்கே." சொல்லிக்கொண்டே மைதாவைக் கரைத்தாள். "காய்ச்சித் தரேன். ஆனா பழி என் தலைல விழப்படாது, ஆமா."

எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன். ரயில் வண்டி படம் போட்டது, மாங்காய் போட்டது, பாழடைந்த பங்களா போட்டது, ஆடு போட்டது, எல்லாம் ஒரே நிறமாயின. முதுகில் என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எல்லோரும் சொல்வார்கள். பீரோவில் அடுக்கிப் பூட்டினேன். நான் கெடுதல் செய்வதாக எனக்குத் துளிகூடத் தோன்றவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். கூடவே, அறையை என் வசத்துக்குத் திருப்பிவிட்டேன் என்ற திருப்தியும் இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞாயிறு வந்தது. பாய் விரித்திருந்தது, மேலே ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வந்து நின்று பார்த்தார்கள். யாருக்கு எந்தப் புத்தகம் வேண்டும், வரிசையில் வந்து தலைப்பைச் சொல்லுங்கள், படித்து முடித்ததும் சுருக்கம் எழுதித் தர வேண்டும், நல்ல சுருக்கத்துக்குப் பரிசு என்று அறிவித்தேன். யாருக்கும் தலைப்பு தெரியவில்லை. அவர்களிடையே அந்தப் புத்தகங்கள் 'ஸ்ட்ரைக் புக்', 'பங்களா புக்' என்றுதான் புழங்கிக்கொண்டிருந்தன.

ஹவுராப் பெண் முதலில் வந்தாள்.

"தாத்தா, அந்த ஆட்டுப் புக் வேணும்."

"பேரு?"

"பேரு... தெரியலை. நீலக் கலர். கூரைமேல ஆடு நிக்கும்."

"அட்டையக் கேக்கல. பேரக் கேட்டேன்."

"நான் பாதி படிச்சிட்டேன் தாத்தா. தண்ணி ஏணி வரைக்கும் வந்துடுச்சு. அப்பா ஆட்ட விட்டுட்டு வான்னு சொல்றாரு..."

"பாதி படிச்ச புஸ்தகத்துக்குப் பேரு தெரியாதா? இதோ பீரோ. ஒவ்வொண்ணா முதுகப் படிச்சுக் கண்டுபிடி. சத்தமாப் படி, எல்லாரும் கேக்கட்டும்."

நான் இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் பட்டியலைக் கிழித்தேன். அவள் கேட்டது எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். அந்த ஆட்டின்மேல் பசை தடவியது என் கைதான். அது இரண்டாவது தட்டில், அவள் கண் மட்டத்தில், கை எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகாது.

அவள் படிக்க ஆரம்பித்தாள். வேறு புத்தகங்களின் தலைப்புகள், ஒவ்வொன்றாக, எழுத்து எழுத்தாக. என் கையெழுத்தில் இருக்கும் சுழிகள் அவளுக்குப் புரியவில்லை. தடுக்கிய இடத்தில் எல்லாம் திருத்தினேன். மறுபடி சொல்லச் சொன்னேன். பின்னால் இருந்தவர்கள் முதலில் சும்மா இருந்தார்கள். பிறகு ஒருவர் சிரிக்க, இன்னொருவருக்குத் தொற்றியது. நான் அதட்டவில்லை. கொஞ்சம் கூச்சப்பட்டால்தான் வேகம் வரும் என்று நினைத்தேன். எனக்கு அப்படித்தான் கற்பித்தார்கள், எனக்கு வந்தது.

முதல் தட்டு முடிவதற்குள் நிறுத்திவிட்டாள். "தாக்" என்றாள். இருக்கட்டும், விடுங்கள் என்பதற்கு இந்த ஊர்ச் சொல். அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். டீக்கடையில் அப்பா பாதிக் கிளாஸோடு எழுந்து நிற்பது ஜன்னலிலிருந்து தெரிந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சுருக்கங்கள் அம்மாக்களின் கையெழுத்தில் இருந்தன. அதற்கடுத்த ஞாயிறு யாருமில்லை. மழை என்றேன். மழை நின்ற ஞாயிறும் யாருமில்லை. செயலாளர் மேலே எட்டிப் பார்த்தார். "என்ன சார், கொசுதான் வாசிக்கு போல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கோவைப் பெண் ஊரிலிருந்து வந்த அன்றே மேலே வந்தார். பீரோவைத் திறந்து காட்டினேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், எதிர்பார்த்தேன். அவர் ஒன்றை உருவி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுங்க? பங்களாவா, மாங்காயா?"

"முதுகில் எழுதியிருக்கிறதே."

"எழுதியிருக்குதுங்க." அதை உள்ளே வைத்தார். "அங்கிள், நான் ஒட்டச் சொல்லலியே. ஃபேன் போடத்தானுங்களே சொன்னேன்."

"ஈரம். பூஞ்சை. நீங்கள் பார்க்கவில்லை."

"பூஞ்ச வந்தா தொடச்சுக்கலாங்க. கிழிஞ்சா வேற வாங்கிக்கலாம். பசங்க போயிட்டா எந்தக் கடையில வாங்கறது?" குரல் உயரவில்லை. பிறகு கேட்டார்: "அந்த ஹவுராப் பாப்பா அம்மா ஃபோன் பண்ணியிருந்தாங்க. தமிழே வேண்டாம்னு சொல்றாளாம். என்னுங்க நடந்துது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை. புத்தகம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் என்பதை அன்று சொல்லவில்லை.

வீட்டுக்கு அந்த ஆட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துவந்து பிரவுன் தாளைப் பிரிக்கப் பார்த்தேன். ஈரத் துணி வைத்து ஊறவிட்டேன். இட்லிப் பானை ஆவியில் காட்டினேன். மனைவியின் பசை நல்ல பசை. தாள் வரும்போது நீல வானத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்தது. கடைசியில் மிஞ்சியது கூரை, ஆட்டின் நான்கு கால்கள், கொஞ்சம் வயிறு.

"நன்னா இருக்கு," என்றாள் மனைவி. "இதைக் கொண்டுபோய்க் குடுத்து, மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்கோ. உங்களுக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம்."

கொண்டுபோனேன். ரயில்வே குடியிருப்பில் இரண்டாம் மாடி. அப்பா மரியாதையாக நாற்காலி போட்டார், அம்மா காப்பி கொடுத்தார். பெண் அறையிலிருந்து வந்து சுவரோரம் நின்றாள். நான் தப்பு செய்துவிட்டேன், புத்தகம் எங்கே என்று தெரிந்துகொண்டே உன்னைப் படிக்க வைத்தேன் என்று சொன்னேன். பெற்றோர் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் புத்தகத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. தலையில்லாத ஆட்டைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சீங்களா தாத்தா?"

"எதை?"

"இத. ஆட்டுக்கு என்ன ஆச்சு?"

எனக்குத் தெரியாது. அதில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. அந்தப் பெட்டியில் வந்த எதையும் படித்ததில்லை. எண் போட்டேன், அட்டை போட்டேன், சுருக்கம் கேட்டேன்.

"படிக்கவில்லை," என்றேன்.

"ஓ." புத்தகத்தை என் பக்கமே தள்ளினாள். "எனக்கு வேண்டாம் தாத்தா. நானே முடிச்சுட்டேன். மனசுல." உள்ளே போய்விட்டாள். அப்பா கூப்பிட்டார், வரவில்லை. நான் புத்தகத்தோடு மெட்ரோவில் திரும்பினேன்.

அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். கோவைப் பெண்ணிடம் கேட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, பெட்டி முழுவதையும். ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று இங்கே எழுத மாட்டேன். வெள்ளத்தில் வீட்டை விட்டுக் கிளம்பும் ஒரு குடும்பத்தின் கதை அது. கதவைப் பூட்டலாமா வேண்டாமா என்று அம்மா தண்ணீரில் நின்றபடி யோசிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. எழுபத்தைந்தைத் தாண்டியவன் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. கழிப்பறைக்காக வேலைநிறுத்தம் செய்யும் பள்ளிப் பெண்களின் நாவலைத் தலைப்பைப் பார்த்தே கொச்சை என்று ஒதுக்கியிருந்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று கொடுக்கலாம் என்றால் இப்போது அதைத்தான் சொல்வேன்; அத்தனை சிரிப்பு, அத்தனை கோபம். உப்பளத்தில் அப்பாவைத் தேடும் கதையில் முதல் பாதி அபாரம், பின்பாதியில் ஆசிரியருக்கு அவசரம். பங்களாப் பேய்க்கதை மோசம். பேய் வரும்போதெல்லாம் நாய் ஊளையிடுகிறது, கதவு கிரீச்சிடுகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை எழுதியவருக்கு. இப்படி எல்லாவற்றைப் பற்றியும் எனக்கு இப்போது அபிப்பிராயம் உண்டு. கேட்கத்தான் ஆள் இல்லை.

பூஜைக்கு முன்னால் செயற்குழு கூடியது. நான் எழுந்து, பிள்ளைகள் வராததற்குக் காரணம் நான்தான், அந்தப் பெண் அல்ல, இன்னும் கொஞ்ச காலம் கொடுங்கள் என்று சொன்னேன். நடந்ததை முழுதும் சொன்னேன். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க பெரியவங்க, இப்பிடியெல்லாம் சொல்லாதீங்க. ஆனா காரணம் யாரா இருந்தா என்ன? பிள்ளைகள் இல்லேல்லா?"

அறை கணக்கு வாத்தியாருக்குப் போயிற்று. ஒப்புக்கொண்டால் எதையாவது மீட்கலாம் என்று அந்த வயதிலும் நம்பியிருந்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து வாய்ப்பாடு கேட்கிறது. பீரோக்கள் பூட்டியபடி சுவரோரம் நிற்கின்றன. புத்தகம் ஒன்றும் தொலையவில்லை.

கோவைப் பெண் தம் நாவல்களைத் தம் ஃப்ளாட்டுக்கே எடுத்துப் போனார். மழை விட்டபிறகு அங்கே பாய் விரித்தார். உரிக்க முடியாத புத்தகங்களுக்குப் பிள்ளைகளையே பிரவுன் தாள்மேல் படம் வரையச் சொன்னார். வந்தவர்கள் முன்புபோல் பாதிகூட இல்லை. நான் ஒரு நாள் தயங்கித் தயங்கி அழைப்புமணியை அழுத்தினேன்.

"வாங்க அங்கிள். வரலாம், உக்காரலாம், காப்பி குடிக்கலாம்," என்றார். "வாயத் தொறக்கக் கூடாது. சரிங்களா?"

"யாராவது கேட்டால்?"

"கேட்டா சொல்லுங்க. கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை. பல ஞாயிறுகள் நான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, நல்ல நாவல்களை இரண்டு பக்கத்தில் கீழே போடுவதையும் மட்டமானவற்றுக்கு அடித்துக்கொள்வதையும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வாய் வரை வரும். மென்று விழுங்குவேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு ஹவுராப் பெண் வந்தாள். அப்பா வாசலில் விட்டுவிட்டுப் போனார். பள்ளித் தோழி யாரோ போகச் சொல்லி வற்புறுத்தினாளாம். என்னைப் பார்த்தாள், ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். பாயின் ஓரத்தில் உட்கார்ந்து புத்தகங்களை எடுத்து எடுத்துக் கீழே வைத்தாள். பள்ளிப் பெண்களின் வேலைநிறுத்த நாவல் அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவளுக்கென்றே எழுதியதுபோன்ற புத்தகம். குட்டிக் குட்டி வாக்கியங்கள், பெரிய எழுத்து, முதல் பக்கத்திலேயே சண்டை. எனக்குத் தெரியும், அவள் அதை எடுத்தால் விடமாட்டாள். சோபாவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவள் எதிரே இருந்த ஆறாம் வகுப்புச் சின்னப் பெண்ணிடம் கேட்டாள். "எது நல்லா இருக்கும்?"

"இது! தாருண்! செமயா இருக்கும்!" பேய்க்கதையைத் தூக்கிக் காட்டினாள் அவள். "பங்களால ஒரு கை மட்டும் தனியா வரும். நான் ரெண்டு நாள் பாத்ரூமுக்கே போகல."

"ரொம்பக் கஷ்டமான எழுத்தா?"

"கஷ்டம்லாம் பாக்காத. புரியலைன்னா தாண்டிப் போ. நான் தாண்டித்தான் போனேன்."

கோவைப் பெண் அடுக்களை வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஹவுராப் பெண் அந்தப் பேய்க்கதையை எடுத்துக்கொண்டு பால்கனிக் கதவோரம் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தாள். உதடு அசைய ஆரம்பித்தது. மிக மோசமான முதல் பக்கம் அது, நாய் ஊளையிடும். நான் ஒன்றும் சொல்லவில்லை.